பல் என்றான், கல் என்று கேட்டது

அம்மாடி,

போன வாரம் சின்னவன் போனில் "தாத்தா, பல் விழுந்துடுச்சு" என்று சொன்னானே, அது என் காதில் "கல் விழுந்துடுச்சு" என்றுதான் விழுந்தது. நான் பதறிப்போய் "எங்கே, தலையிலயா, ரத்தம் வருதா" என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு போனை உன்னிடம் கொடுத்துவிட்டான். முதல் பல் விழுந்ததைச் சொல்ல ஆசையாக வந்த குழந்தை! ராத்திரி அம்மா விஷயத்தைச் சொன்ன பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாளே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்தார், அது இல்லை. அப்புறம் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கனத்த ஒலியெல்லாம் நன்றாகக் கேட்டது. பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லையே என்று பட்டனைப் பிடித்தபடி காத்திருந்தேன், அந்த நேரம் முழுக்க கீச்சென்ற சத்தம் வந்துகொண்டுதான் இருந்ததாம். எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் என்ற வரைபடத்தைக் கையில் கொடுத்தார்கள். ஹெர்ட்ஸ் ஏற ஏற ஒலி கீச்சாகும், கோடு இறங்கினால் காது மங்கல் என்று அர்த்தம். என் கோடு 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும் மேலேயே போய், 2000 தாண்டியதும் மாடிப்படி மாதிரி இறங்குகிறது, இரண்டு காதிலும் ஒரே மாதிரி. வயதோடு வருவதுதான், பல வருஷமாகவே நடந்திருக்கும் என்றார் மருத்துவர்.

பல வருஷம்! எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்பதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். காது மங்கினால் எல்லாம் மெல்ல அமைதியாகிப்போகும் என்று நினைத்திருந்தேன். சத்தம் குறைந்ததாகவே தெரியவில்லை கண்ணு, பேச்சுதான் கலங்கிப்போனது. அதனால் குறை என் காதில் இருக்கிறது என்றே தோன்றாது, எதிரில் இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்றுதான் தோன்றும். வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து நீ வாய்க்குள்ளேயே பேசுகிறாய் என்று அம்மாவிடம் எத்தனை தடவை குறைப்பட்டிருப்பேன், இரண்டு தடவை உன்னிடமே கோபமாகச் சொல்லியும் இருக்கிறேன். நீ எப்போதும்போலத்தான் பேசியிருக்கிறாய். மன்னிச்சிடு.

ஏன் இப்படி என்று அங்கே காதைச் சோதித்த ஆடியாலஜிஸ்ட் பெண் பொறுமையாக விளக்கினாள். உள்காதில் காக்ளியா என்று நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள், அதற்குள் மயிரிழை போன்ற நுனியுள்ள செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. கீச்சு ஒலியை வாங்கும் செல்கள் சுருளின் வாசலிலேயே இருக்கின்றன, பழுதும் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது, பழுதானால் மறுபடி முளைப்பதில்லை. ஆ, ஓ என்கிற உயிரெழுத்துகளின் ஒலி கனமானது, அதனால் யாரோ பேசுகிறார்கள் என்பது நன்றாகவே தெரியும். க, ச, த, ப இவற்றைப் பிரித்துக் காட்டுவது அந்த மெல்லிய கீச்சு ஒலிதான், அது போய்விட்டால் பல்லும் கல்லும் ஒன்றாகிவிடுகின்றன. குழந்தைகள் குரலும் பெண்கள் குரலும் முதலில் பிடிபடாமல் போவதற்கும் இதுதான் காரணம்.

இப்போது யோசித்தால் எல்லாம் கண்ணெதிரே இருந்திருக்கிறது. இரண்டு வருஷம் முன்னால் காய்ச்சல் வந்தபோது தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த அறையிலிருந்து அம்மா "அது எப்பவோ பீப் அடிச்சாச்சு, எடுங்க" என்றாள். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். டிவி சத்தம் மாதாமாதம் ஒரு புள்ளி ஏறியது. நேருக்கு நேர் ஒருவரிடம் பேசினால் சிரமமில்லை, நாலைந்து பேர் சேர்ந்து பேசும் இடத்தில் பாதி பிடிபடாது, அதனால் மற்றவர்கள் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன், எதைக் கேட்டாலும் சரி சரி என்பேன். முகத்தைப் பார்த்துப் பேசினால் புரியும், போனில் புரியாது. ராத்திரி படுத்தால் காதுக்குள் ஒரு ரீங்காரம். இதில் எந்த ஒன்றையும் தனியாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. சாயங்காலம் ஆனால் யாரோடும் பேசவே வேண்டாம் என்று ஓர் அசதி வருமே, அதை நீங்கள் எல்லாரும் வயசு என்றீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். விட்டுப்போன எழுத்துகளை மூளை நாள் முழுக்க ஊகித்து நிரப்பிக்கொண்டே இருந்தால் களைத்துத்தானே போகும்? என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் கவனித்திருக்க வேண்டும்.

காது கேட்கும் கருவி போட்டுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். மறதி நோய்க்கான, நம்மால் சரிசெய்யக்கூடிய காரணங்களில் காது மங்குவதையும் லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு 2020 அறிக்கையில் சேர்த்திருக்கிறது, தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

நீயும் நாள் முழுக்க ஹெட்போனும் கையுமாக இருக்கிறாய். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 என்றால் வெறும் 4 மணி நேரம், அதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஹெட்போனைக் கழற்றிய பிறகு காது கொய்யென்று இரைந்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், குறைத்துவிடு. அந்த நிறுவனமே போனில் காதைச் சோதித்துப் பார்க்க ஓர் இலவச ஆப் வைத்திருக்கிறது, இரைச்சலுக்கு நடுவே எண்களைச் சொல்லும், நீ தட்ட வேண்டும். ஒரு தடவை செய்து பார். இன்னொன்று, திடீரென்று ஒரு காது மட்டும் கேட்காமல் போனால் சளி அடைப்பு என்று வீட்டில் உட்காராதே, அன்றைக்கே மருத்துவரிடம் ஓடு. அதற்கு மருந்து உண்டு, நாள் கடந்தால் பலன் குறைந்துவிடும்.

என்னிடம் பேசும்போது கத்த வேண்டாம். கத்தினால் உயிரெழுத்துதான் பெரிதாகிறது, காதும் வலிக்கிறது. முதலில் அப்பா என்று கூப்பிட்டுவிட்டு, நான் திரும்பிய பிறகு சொல், புரியவில்லை என்றால் வேறு வார்த்தையில் சொல். "ஒண்ணுமில்ல, விடுங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிடாதே.

கருவி செவ்வாய்க்கிழமை வருகிறது, பழகச் சில வாரம் ஆகும் என்கிறார்கள். சின்னவனுக்கு அடுத்த பல் ஆட ஆரம்பித்ததும் வீடியோவில் கூப்பிடச் சொல், முகம் தெரிகிற மாதிரி உட்காரவை. முதல் பல் கதையையும் தாத்தாவுக்கு ஒரு தடவை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்.

அப்பா