டேப் என்னும் சொல் குறித்து மகளுக்கு

குலசேகரம்

அன்பு மக்களே,

ரப்பர் சாகுபடிக் கையேட்டை நீ மொழிபெயர்க்கும்போது, 'டேப்' (tap) என்ற ஆங்கிலச் சொல் வரும் இடங்களிலெல்லாம் 'தட்டுதல்' என்றே எழுதலாமா என்று கேட்டிருந்தாய். எழுதக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஆங்கில அகராதிகளே இதை ஒரு சொல்லாகக் கொள்வதில்லை. எழுத்தும் ஒலியும் ஒன்றாய் அமைந்த இரு வேறு சொற்களாகப் பிரித்து வைக்கின்றன. கதவையோ கைப்பேசித் திரையையோ மெல்லத் தட்டுவதைக் குறிக்கும் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மற்றொன்று பழைய ஆங்கிலத்துக்கே உரியது. பீப்பாயின் துளையை அடைக்கும் முளைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். முளையை எடுத்தால் உள்ளிருப்பது வெளியே வரும் என்பதால், தண்ணீர்க் குழாய்க்கும், மரத்திலிருந்து பால் எடுப்பதற்கும், பிறருடைய தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்பதற்கும் அச்சொல் படர்ந்தது. ஆணிவேரை அவர்கள் 'டேப் ரூட்' என்பதும் அந்த முளையின் கூம்பிய வடிவத்தைக் கண்டுதான். அதே வேரில் நம் முன்னோர் ஆணியைக் கண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. பட்டறையில் துளைக்குள் மரை வெட்டும் கருவிக்கும் இதே பெயர் உண்டு.

நம் குமரிப் பக்கத்தில் ரப்பருக்குப் பால்வெட்டு என்கிறோம். வெட்டு என்றாலும் அது கோடரி வெட்டு அன்று: பட்டையை மெல்லிய சீவலாக எடுத்து, கட்டையை ஒட்டிய வளரும் படலத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் விட்டு நிறுத்த வேண்டும், கத்தி அதற்கும் உள்ளே போனால் அவ்விடத்தில் பட்டை சீராக வளராமல் முண்டும் முடிச்சுமாகிவிடும். பால்குழல்கள் வலப்பக்கம் சற்றுச் சாய்ந்து மேலேறுவதால், இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரித்து வெட்டினால்தான் அதிகக் குழல்கள் திறக்கும். மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் அதிகாலையில் வெட்டுவதும் பால் நன்றாக ஓடுவதற்காகத்தான். மரத்தைக் கொல்லாமல், ஒரே வெட்டைத் தொடர்ந்து சீவிப் பால் எடுக்கும் முறைக்கு வழிவகுத்தவர், 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி. இவ்வளவு நுணுக்கமான கைவேலையைத் 'தட்டுதல்' என்று எழுதினால், அருமனையில் பால் வெட்டுகிறவர் எவருக்கும் அது புரியாது.

பனைக்கும் ஆங்கிலத்தில் அதே 'டேப்பிங்'தான். நம் பனையேறிகளோ பாளை சீவுதல் என்பார்கள். பாளையைக் கடிப்பு என்னும் இடுக்கிக் கருவியால் இடுக்கிப் பதப்படுத்தி, நாள்தோறும் நுனியைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் அக்கானி இறக்குவார்கள். கையேட்டில் பனை வரும் இடத்தில் பாளை சீவுதல் என்றே வைத்துக்கொள். அக்கானி என்றால் வெளியூரார் திகைப்பார்களென்று தோன்றினால், பதநீர் என்று சேர்த்து எழுது.

தட்டுதல் என்பதைக் கைப்பேசிக்கு விட்டுவிடு. அங்கே அது பொருத்தமான சொல். ரப்பர் பகுதி முடிந்ததும் எனக்கு அனுப்பு. பால்வெட்டில் பழகிய ஒருவரிடம் வாசித்துக் காட்டி, அவர் தடுமாறும் இடங்களைக் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா