18,000 வெள்ளி எஸ்டிமேட்

செந்தூல், கோலாலம்பூர்

சேகர்,

தீபாவளிக்கு நீ அனுப்பிய குரல் பதிவுக்கே இன்னும் பதில் போடவில்லை. திட்ட வேண்டியதை எல்லாம் திட்டி முடித்திருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவன் எஸ்பிஎம் பரீட்சை எழுதி முடித்த களைப்பில் இன்னும் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று ராத்திரி கோமளா போன் செய்தாள். பிறையில் ஒரு பழைய பிஎம்டபிள்யூ எக்ஸ் 5 பார்த்துவிட்டு வந்ததிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம். 2009 மாடல், கறுப்பு, விலை 38,000 வெள்ளி. “அண்ணே, நீங்க வாங்கினதப் பாத்துத்தான் இவருக்கும் கிறுக்கு பிடிச்சிருக்கு” என்று பழியை என்மேல் போட்டுவிட்டாள். ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் சின்ன மைவி காரை நிறுத்தவே இடம் கிடைக்காமல் பெண்டாட்டியை இறக்கிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருப்பவனுக்கு எதற்குடா எக்ஸ் 5? கேட்டால் ஏதாவது ஒரு கதையைச் சொல்லி என் வாயை அடைப்பாய். வேண்டாம், கேட்கவில்லை.

வாங்காதே என்று நான் சொல்ல மாட்டேன். என் வண்டிக்கும் அதே என்ஜின், அதே கியர்பாக்ஸ். போன மாதம் அதற்கு 18,000 வெள்ளி எஸ்டிமேட் வந்தது. நான் கடைசியில் கட்டியது 4,600. நடுவில் என்ன நடந்தது என்பது நீ டெபாசிட் கொடுப்பதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஏர்கோன் வழியாக எண்ணெய் தீய்ந்த வாடை வந்தது. பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குக் கொண்டுபோனேன், பெயர் வேண்டாம். காப்பி கொடுத்தார்கள், நல்ல நாற்காலி கொடுத்தார்கள், அப்புறம் ஒரு பையன் பளபளப்பான அட்டைக்குள் பட்டியலை வைத்து நீட்டினான். வால்வ் கவர் கேஸ்கெட், ஆயில் பில்டர் ஹவுசிங் கேஸ்கெட், ஆயில் பான் கேஸ்கெட், என்ஜின் மவுண்டிங், கன்ட்ரோல் ஆர்ம், வாட்டர் பம்ப், அதற்குமேல் 8 விழுக்காடு சேவை வரி. எண்ணெய் எங்கே ஒழுகுகிறது என்று கேட்டேன். “எல்லா இடத்திலும் இருக்கிறது சார்” என்றான். பையன் பொய் சொல்லவில்லை. எண்ணெய் எல்லா இடத்திலும் இருந்தது. ஆனால் ஒழுகுவது வேறு, வழிவது வேறு இல்லையா?

பட்டியலை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு செகாம்புட்டில் மணியம் அண்ணனிடம் போனேன். உனக்கு நினைவிருக்கும், நம் கார்த்தியின் கல்யாணத்துக்கு கிரீஸ் கையோடு வந்து மொய் எழுதினாரே, அவரேதான். பெரிய சர்வீஸ் சென்டரில் வருஷக்கணக்கில் போமெனாக, அதாவது மெக்கானிக்காக, இருந்துவிட்டுச் சொந்தமாகக் கடை போட்டவர். பட்டியலை அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. கண்டுபிடிப்பதற்கு 150 வெள்ளி, ரிப்பேர் செலவு தனி, சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றேன். என்ஜினை அடியிலிருந்து மேல்வரை கழுவிச் சுத்தம் செய்தார். ஆயிலில் ஒரு சாயத்தை ஊற்றி, சில நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு வரச் சொன்னார். திரும்பிப் போனபோது ஷட்டரைப் பாதி இறக்கி இருட்டாக்கிவிட்டு யூவி விளக்கை அடித்தார். பச்சையாக மின்னியது இரண்டே இடம். ஒன்று வால்வ் கவரின் பின் ஓரம், வாடை அங்கிருந்துதான் வந்திருக்கிறது. இன்னொன்று ஆயில் பில்டர் ஹவுசிங். அங்கே ஒழுகும் எண்ணெய் என்ஜின் முன்பக்கமாக வழிந்து, அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டியான ஆயில் பானின் விளிம்பில் போய்ச் சேருகிறது. கீழிருந்து பார்ப்பவனுக்கு ஆயில் பானே ஒழுகுவது போலத்தான் தெரியும்.

இதில்தான் பணம் இருக்கிறது, கவனி. எக்ஸ் 5இல் முன் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிபரென்ஷியல் ஆயில் பானோடு சேர்த்து முடுக்கியிருக்கும். பான் கேஸ்கெட் மாற்ற வேண்டுமென்றால் முன் அச்சைத் தாழ்த்தி டிபரென்ஷியலைக் கழற்ற வேண்டும். கேஸ்கெட் என்னவோ ஒரு ரப்பர்தான், கூலி மட்டும் ஆயிரக்கணக்கில். என் எஸ்டிமேட்டில் மிகப் பெரிய வரி அதுதான். ஒழுகாத இடத்துக்கு!

அதற்காக ஒழுகினால் ஒழுகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. பில்டர் ஹவுசிங்கில் கசியும் எண்ணெய் பெல்ட்டில் பட்டால் பெல்ட் நழுவும். நழுவிய பெல்ட் கிழிந்து, கிராங்க் சீல் வழியாக என்ஜினுக்குள்ளேயே இழுபட்டுப்போன வண்டிகள் உண்டு. நூறு வெள்ளி பெறாத ரப்பருக்காக என்ஜினைத் திறந்தவர்கள் இருக்கிறார்கள். மணியம் அண்ணன் இதைச் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்றைக்கே இரண்டு கேஸ்கெட்டையும் மாற்றச் சொல்லி, புது பெல்ட்டும் போடச் சொன்னேன்.

வாட்டர் பம்ப் விஷயத்திலும் அந்தப் பட்டியல் சரி. இந்த என்ஜினில் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. முனகாது, ஒழுகாது, திடீரென்று நிற்கும். 100,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டால் எப்போது வேண்டுமானாலும். அது ஈப்போ பக்கம் நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்துக்கு முன்னால் ஏற்றத்தில் நிற்க வேண்டுமா, உன் வீட்டு வாசலில் நிற்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. சிவப்பு விளக்கு எரிந்தபிறகு ‘அடுத்த டோல் வரை போய்விடலாம்’ என்று ஓட்டினால் என்ஜினை மறந்துவிட வேண்டியதுதான். பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்த்தே மாற்றினோம். ஒருமுறை கழற்றிய அலுமினிய போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது, புதிதுதான் போட வேண்டும். அதைத் தானாகச் சொல்கிற போமெனை நம்பலாம்.

ஸ்பேர் பார்ட்ஸை நானே வாங்கினேன். இணையத்தில் இருக்கிற பார்ட்ஸ் பட்டியலில் சேசிஸ் நம்பரின் கடைசி ஏழு எழுத்துகளைப் போட்டால் பிஎம்டபிள்யூ பார்ட் நம்பர் கிடைக்கும், 11 இலக்கம். அந்த நம்பரை வைத்துக்கொண்டு பொருளைச் செய்த கம்பெனியின் பெட்டியைத் தேடு. பம்ப் என்றால் பீயர்பர்க், கன்ட்ரோல் ஆர்ம் என்றால் லெம்பர்டர், பில்டர் என்றால் மான் கம்பெனி. லெம்பர்டர் பெட்டியைத் திறந்தால் சிரிப்பு வரும்: பிஎம்டபிள்யூ முத்திரை இருந்த இடத்தை அரத்தால் தேய்த்து எடுத்திருப்பார்கள், மற்றபடி அதே சாமான். ஆனால் ஆன்லைனில் பாதி விலைக்குப் ‘பீயர்பர்க்’ என்று ஒன்று வரும், அதைத் தொடாதே. பழைய வண்டிகளை வெட்டிப் பார்ட்ஸ் விற்கிற ஹாப்கட் கடைகளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, புக்கிட் மெர்தாஜம் உன் பேட்டை. கதவு, விளக்கு, சீட், கண்ணாடி எல்லாம் அங்கே தாராளமாக வாங்கு. ரப்பர், பம்ப், பிரேக் மட்டும் வேண்டாம். அதுவும் நம் வண்டியளவு வயதானதுதானே.

கியர்பாக்ஸைப் பற்றி வண்டி விற்கிற உன் தவுக்கே என்ன சொன்னார்? ‘லைப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்’ என்றுதான் சொல்லியிருப்பார். கியர்பாக்ஸைச் செய்கிற செட்எஃப் கம்பெனி 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய லைப் என்று தவுக்கேயைக் கேட்டுப் பார். மாற்றும்போது பிளாஸ்டிக் பானையும் மாற்ற வேண்டும், பில்டர் அதற்குள்ளேயே இருக்கிறது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய்ச் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் கையால் தொட்டுப் பார்த்து அளவு சொல்கிற கடையாக இருந்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பு. பேட்டரியும் அப்படித்தான். புதிது போட்டால் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் பழையது என்று நினைத்தே சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்.

நீ பார்த்த வண்டிக்கு வருவோம். கோமளா அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன் டயர் ஒரு கம்பெனி, பின் டயர் இன்னொரு கம்பெனி. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் அது கூடாது. சுற்றளவு வித்தியாசப்பட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கிற டிரான்ஸ்பர் கேஸ் ஓயாமல் மல்லுக்கட்டும். அப்புறம் பனோரமிக் ரூப், அந்தக் கண்ணாடிக் கூரை. அதன் தண்ணீர் வடிகிற குழாய்கள் அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் நேராகப் பின்பக்கம் போய்த் தேங்கும், அங்கேதான் எலக்ட்ரானிக் பெட்டிகள் இருக்கின்றன. இலை கொட்டுகிற அங்சானா மரத்தடியில் நின்ற வண்டி என்றால் சொல்லவே வேண்டாம். பூட் தரையைத் தூக்கிக் கையை விட்டுப் பார். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்றும் பார். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் கூரைவரை மூழ்கிய வண்டிகள் எல்லாம் இரும்புக் கடைக்கா போயின என்று நினைக்கிறாய்? வாகனச் சோதனை செய்கிற புஸ்பாகோமின் பி5 ரிப்போர்ட்டைக் காட்டி உன்னைச் சமாளிக்கப் பார்ப்பார்கள். அது பெயர் மாற்றுவதற்கான சோதனை, கியர்பாக்ஸுக்குள் எட்டிப் பார்க்காது. எது பேசினாலும் எழுத்தில் வாங்கிக்கொள். நாளைக்குத் தகராறு வந்தால் 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், 50,000 வெள்ளிவரை கேட்கலாம்.

விளையாட்டை விட்டுவிட்டு ஒன்று சொல்கிறேன். தகாட்டா கம்பெனி செய்த ஏர்பேக்குகளைக் கோளாறு என்று திரும்பப் பெறுகிறார்களே, அந்தப் பட்டியலில் இந்த மாடல் வருகிறது. நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் அந்த ஏர்பேக்குக்கு எமன். வெடித்தால் இரும்புத் துண்டுகள் ஓட்டுபவர் மேல் பாயும். 2014இல் சிபுவில் ஒரு கர்ப்பிணிப் பெண் அப்படித்தான் இறந்தார், சின்ன விபத்து, வேறொரு கம்பெனியின் சாதாரண கார். சேசிஸ் நம்பரைக் கொடுத்து மாற்றியிருக்கிறதா என்று பிஎம்டபிள்யூ டீலரிடம் கேள், இல்லையென்றால் அவர்களே இலவசமாக மாற்றித் தருவார்கள். இதற்கு மட்டும் வெளிக்கடை வேண்டாம். டீலரை எந்நேரமும் கரித்துக் கொட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. சாவி, ஏர்பேக், சில சாப்ட்வேர் வேலை, இதற்கெல்லாம் அவர்கள்தான். ‘எல்லா இடத்திலும் இருக்கிறது சார்’ என்பதற்குத்தான் பணம் கொடுக்க எனக்கு மனமில்லை.

என் கவலை வேறு. மணியம் அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது, முட்டி மடக்க முடியவில்லை. மகன் சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. கடையில் இருக்கிற ஒரே நம்ம பையன் இ-ஹெய்லிங் டாக்சி ஓட்டப் போகிறேன் என்கிறான். அவர் ஷட்டரை இறக்கிவிட்டால் என் எக்ஸ் 5 மறுபடியும் 18,000 வெள்ளி வண்டிதான். எஸ்டிமேட் வந்த நாளில்கூட விற்கத் தோன்றவில்லை. போன வாரம் அவர் கீழிருந்து எழ என் கையைப் பிடித்தபோது தோன்றியது. அங்கே பட்டர்வொர்த்திலோ ஜெலுத்தோங்கிலோ இப்படி ஒருவரை முதலில் பிடி. வண்டி எங்கேயும் போகாது, பழைய எக்ஸ் 5க்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை.

சனிக்கிழமை காலையில் நேராகப் பிறைக்கு வந்துவிடுகிறேன், ஸ்கேனரோடு. நான் வரும்வரை என்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று தவுக்கேயிடம் சொல்லிவை, குளிர்ந்த என்ஜின் எழுப்புகிற சத்தத்தைக் கேட்க வேண்டும். டயரையும் கியர் ஆயிலையும் காட்டி 5,000 வெள்ளி குறைத்துக் கேட்போம். முடியாது என்றால் எழுந்து வந்துவிட வேண்டும். உனக்கு எழுந்து வர வராது என்று எனக்குத் தெரியும், அதனால் கோமளாவையும் கூட்டிக்கொண்டு வா.

குணா