முகத்துவாரத்து ஊர்

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உங்கள் நலமறிய ஆவல். பள்ளியில் பூர்வீக ஊரைப் பற்றி எழுதி வரச் சொன்னார்கள் என்றும், 'கடலூர் ஒரு கடற்கரை ஊர்' என்று பேரனுக்குத் தொடங்கிக் கொடுத்திருக்கிறாய் என்றும் அம்மா சொன்னாள். தவறில்லை. ஆனால் நம் ஊரை உண்டாக்கியது கடலைவிட ஆறுகள்தாம் என்பது என் எண்ணம். ஆறுகள் கூடும் இடமாதலால் கூடலூர் என்றிருந்த பெயரே பின்னாளில் கடலூர் ஆயிற்று என்பார்கள்.

முதுநகர்ப் பக்கம் உப்பனாறும் கெடிலமும், வடக்கே தாழங்குடா அருகே தென்பெண்ணையும் கடலைச் சேர்கின்றன. ஆறு கொண்டுவரும் வண்டலும் அலை தள்ளும் மணலும் முட்டிக்கொள்வதால் முகத்துவாரம் அடிக்கடி தூர்ந்துபோகும். அதனால்தான் பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கைத் தோணிகளில் ஏற்றியிறக்கினார்கள். சிறு வயதில் உன்னைச் சிங்காரத்தோப்புக்கு அழைத்துச் சென்றது நினைவிருக்கிறதா? நீர் ஏறுவதற்காகக் காத்திருந்த படகில் ஒருவர் நீண்ட கழியை இறக்கி இறக்கி ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் ஏன் ஆற்றைக் குத்துகிறார்?" என்று கேட்டாய். மணலில் தட்டிய கழியை எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று உனக்குக் காட்டினார். அவர் இடுப்பளவுகூட இல்லை.

கோட்டைக் கதை பேரனுக்கு நிச்சயம் பிடிக்கும். 1690-இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, அங்கிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எட்டிய தொலைவு வரை உள்ள ஊர்கள் எல்லாம் அவர்களுக்கு என்பது ஒப்பந்தம். நில அளவைக்கு இப்படியும் ஒரு கருவி! அவை குண்டு கிராமங்கள் என்று பெயர் பெற்றன. பேருந்துப் பலகையில் நீ படித்த குண்டு உப்பலவாடி அந்தப் பெயரைத்தான் இன்னும் சுமக்கிறது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபின், 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக இருந்ததும் இந்தக் கோட்டைதான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்துத் தள்ளினார்.

அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பு, கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் மிதந்துவந்து கரையேறிய இடம் என்று கரையேறவிட்டகுப்பத்தைச் சொல்கிறார்கள். இன்று அங்கு நின்றால் கடல் தெரியாது. கெடிலத்தின் போக்கு இடம்மாறியதும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். அந்தக் கெடிலத்தை எதிர்த்து நடந்தால், அப்பர் சைவத்துக்குத் திரும்பிய திருவதிகையும் பண்ருட்டியும் வரும்.

பண்ருட்டி என்றதும் பலாவைத்தான் எழுதுவான். முந்திரியையும் சேர்க்கச் சொல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அந்த இரண்டையும் வேரோடு சாய்த்தது. முந்திரியாவது சில ஆண்டுகளில் காய்க்கும். தாத்தா வைத்த பலாவை யார் திருப்பித் தருவது? நெய்வேலி நிலக்கரி, வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டி இன்றும் அணையாத அடுப்பு, பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு ஆகியவற்றை ஒவ்வொரு வரியில் எழுதினால் போதும். பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993-இல் இரண்டாகப் பிரிந்ததையும் மறக்க வேண்டாம்.

வெள்ளத்தைப் பற்றி மட்டும் கூடுதலாக எழுதட்டும். தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து வருகிறது. எங்கோ பெய்த மழையெல்லாம் கடைசியில் நம் வாசலுக்கு வந்துதான் கடலுக்குப் போக வேண்டும். 2024 டிசம்பர் 2 அன்று விடிவதற்கு முன் அந்த ஆற்றின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள். இங்கே மழை ஓய்ந்திருந்தும் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. நம் வீட்டில் இரண்டாம் படி நனைந்தது. உனக்குச் சொன்னால் கவலைப்படுவாய் என்று அம்மா தடுத்துவிட்டாள்.

வரைபடம் வரைவதானால் முதலில் ஆறுகளை வரையச் சொல். கடலுக்கு நீலம் தீட்டும்போது முகத்துவாரங்களை மூடிவிடாமல் பார்த்துக்கொள். குண்டு உப்பலவாடிப் பெயர்ப்பலகையை நாளைக்கே படமெடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா