அண்ணிக்கு, கன்னங்குறிச்சியில் வீடு பார்த்திருக்கிறேன்

அண்ணி,

வீடு பார்த்துவிட்டேன். அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. சேலத்திலேயே, கன்னங்குறிச்சியில், மூக்கனேரிக்குக் கொஞ்சம் தள்ளி, மாடி வீடு. பின்பக்கம் நின்றால் ஏற்காடு மலை தெரியும். செவ்வாய்ப்பேட்டை வீட்டிலிருந்து நானும் என் மனைவியும் தனியாகப் போகிறோம். இதை முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஏன் போனில் சொல்லாமல் ஊரே படிக்கும் இடத்தில் எழுதுகிறேன் என்றால், போனில் நீங்கள் "ம், சரி" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். எழுதினால் கடைசிவரை படிப்பீர்கள்.

நீங்கள் போன நாளையோ அதற்கு முந்தைய வாரத்தையோ எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியாததா? நம் சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்கள்.

ஆனால் அந்தக் கரண்ட் போன ராத்திரி உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. டிவியில் மெட்டி ஒலி சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே நல்ல மழை. வழக்கம்போல எல்லோரும் டிவி முன்னால்தான் வேலை செய்துகொண்டிருந்தோம். அம்மாவும் நீங்களும் கொலுசுக்குச் சலங்கை கோர்க்கிறீர்கள், அண்ணன் சுவரோரமாகக் கொக்கி மாட்டுகிறான், அப்பா நாற்காலியில், பாப்பா உங்கள் மடியில் தூங்குகிறாள். சீரியலில் மாமியார் ராஜம் மருமகள் சரோவை ஏதோ சொல்லித் திட்டுகிறாள். சரோ வாயைத் திறக்கப் போகிறாள். டப்பென்று கரண்ட் போய்விட்டது.

யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கவும் முடியாது. தட்டு நிறைய சலங்கை. பட்டறையில் நிறுத்துக் கொடுத்த வெள்ளியை நிறுத்துத்தான் திருப்பித் தர வேண்டும், இருட்டில் கால் பட்டுத் தட்டு சாய்ந்தால் அந்த வாரக் கூலியே போச்சு. அதனால் எல்லோரும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தோம். "சே, அவ என்ன சொன்னாளோ" என்றேன் நான். அப்போதுதான் நீங்கள் சரோ குரலில் பேச ஆரம்பித்தீர்கள்.

"அத்தை, ஒரு வார்த்தை கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. கொழம்புல உப்பு கம்மின்னு சொல்றீங்க, சரி. நேத்து ராத்திரி நான் சாப்பிட்டேனான்னு இந்த வீட்ல யாராச்சும் கேட்டீங்களா? உங்க மகன்கிட்ட கேக்கலாம்னா அவர் செவுத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கார்."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "டைரக்டரா போயிரும்மா நீ" என்றார். நானும் சிரித்தேன். அம்மா சிரித்தாளா என்று இருட்டில் தெரியவில்லை. அண்ணன் பக்கமிருந்து சத்தமே இல்லை. நீங்கள் இன்னும் பேசினீர்கள். அதையெல்லாம் இங்கே எழுதவில்லை. கரண்ட் வந்தபோது விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சொன்ன முதல் வார்த்தை: "தட்டைப் பாரு, சிதறியிருக்கப் போவுது."

2020 ஊரடங்கில் மெட்டி ஒலியை மறுபடியும் போட்டார்களே, பார்த்தீர்களா? நான் பார்த்தேன். 800 எபிசோடுக்கும் மேல் ஓடிய கதை. அந்தக் காட்சி வரும், சரோ அந்த வசனத்தைப் பேசுவாள் என்று காத்துக்கொண்டே இருந்தேன். வரவே இல்லை. ராஜம் திட்டுகிறாள், சரோவின் புருஷன் மாணிக்கம் அம்மா பேச்சைக் கேட்டுக் கத்துகிறான், சரோ அழுகிறாள். இதே மாதிரி எத்தனை காட்சி! கரண்ட் போனது எந்தக் காட்சியில் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருஷமாக சரோ பேசியதாக நான் நினைத்துக்கொண்டிருந்தது நீங்கள் பேசியது. அடுத்த வருஷம் அக்டோபரில், சரோவின் தங்கை விஜியாக நடித்த உமா மகேஸ்வரி நாற்பது வயதில் இறந்துபோனார் என்று செய்தி வந்தபோது உங்களுக்குப் போன் செய்ய நினைத்தேன். விஜிதானே உங்களுக்குப் பிடித்தவள். செய்யவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அம்மா ராஜம் இல்லை அண்ணி. நீங்கள் ஊரில் அப்படிச் சொன்னதாக யாரோ வந்து சொன்னார்கள். சாந்தி வில்லியம்ஸ் அந்த வேஷத்தை அப்படி நடித்துவிட்டார் என்பதற்காக, மருமகளைத் திட்டுகிற எல்லா மாமியாரும் ராஜம் ஆகிவிடுவார்களா? அம்மா காலையில் நாலரைக்கு எழுந்து சலங்கை கோர்த்தவள். அவள் மாமியார் அவளைப் படுத்திய பாடு எந்த சீரியலிலும் வரவில்லை. சரி, அண்ணன் மாணிக்கமா? அவனும் இல்லை. மாணிக்கமாவது கத்துவான். சீரியலில் கெட்டது எல்லாம் சத்தம் போட்டு, பின்னணி இசையோடு வருகிறது. யார் கெட்டவன் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். நம் வீட்டில் யாரும் சத்தமே போடவில்லை. அதனால்தான் ராஜத்தைத் திட்டிக்கொண்டே எல்லோராலும் நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது. இதற்கு மேல் எழுதினால் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்வான்.

கோலங்கள் சீரியலுக்கும் இதே கதைதான். புருஷன் பாஸ்கரை விட்டு வந்து சொந்தக் காலில் நின்ற அபிக்கு நம் வீட்டில் அத்தனை பேரும் ஆதரவு. "பொம்பளைன்னா இப்படி இருக்கணும்" என்று சொன்னது யார் தெரியுமா? உங்கள் பஞ்சாயத்துக்கு வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்து "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று சொன்ன அதே பெரியப்பாதான். பேச்சு முடிந்து எல்லோரும் காபி குடித்துவிட்டு ஒன்பது மணிக்குக் கோலங்கள் பார்த்தார்கள். அன்று உங்களுக்காக நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். எட்டாம் வகுப்புப் பையன் பேச்சை யார் கேட்பார்கள்? அதற்குப் பிறகும் எட்டாம் வகுப்பிலேயே இருந்துவிட்டாயா என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

நானும் ஒன்று கேட்கிறேன். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்க்கிறேன், நீங்களும் இல்லை, பாப்பாவும் இல்லை. சீரியலில் ஒருவர் விலகினால் அடியில் எழுத்து போடுவார்களே, 'இவருக்குப் பதில் இவர்' என்று. இங்கே உங்களுக்குப் பதில் நான். மறுநாளே அம்மா தட்டை என் முன்னால் நகர்த்திவிட்டாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்ததும் சலங்கை கோர்த்துக்கொண்டேதான். உங்களுக்கு விழுந்த பேச்சும் எனக்குத்தான் விழுந்தது. கோலங்களின் 1533 எபிசோடில் மீதி இருந்ததை எல்லாம் 2009 டிசம்பர்வரை தனியாகப் பார்த்து முடித்தேன். அதில் வில்லன் ஆதி செய்கிற அநியாயத்துக்கெல்லாம் "இவன் நல்லா இருப்பானா" என்று நீங்கள் கேட்பீர்களே, அதைக் கேட்க ஆள் இல்லை. நீங்கள் தப்பித்தீர்கள். சந்தோஷம்தான். எனக்கு அது கோபமாகவும் இருக்கிறது, என்ன செய்ய?

கோலங்களை எடுத்த அதே திருச்செல்வம் எதிர்நீச்சல் சீரியலை எடுத்தபோது அப்பாவுக்கு வயதாகி, டிவிதான் உலகம் என்று ஆகியிருந்தது. ஆதி குணசேகரன் "ஏய், இந்தாம்மா" என்று ஆரம்பித்தால் அப்பா நிமிர்ந்து உட்காருவார். படித்த மருமகள்களை அடுப்படியில் உட்கார வைத்தவன், அப்பத்தாவின் 40 சதவீதப் பங்குக்காக நாயாய் அலைந்தவன், தங்கை ஆதிரைக்கு அவள் விரும்பிய அருணை விட்டுவிட்டுக் கரிகாலனைக் கட்டி வைத்தவன். அவனைத்தான் அப்பாவுக்குப் பிடித்தது. எனக்கும் பிடித்தது, பொய் சொல்ல மாட்டேன். குணசேகரனாக நடித்த மாரிமுத்து பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். 2023 செப்டம்பரில் அவர் டப்பிங் பேசப் போன இடத்தில் மாரடைப்பு வந்து இறந்தார். வேல. ராமமூர்த்தி அந்த வேஷத்துக்கு வந்தார். நல்ல நடிகர், நல்ல எழுத்தாளர். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "இவன் அவன் இல்ல" என்று சொல்லிக்கொண்டே தினமும் பார்த்தார். ஒரு நாள் குணசேகரனின் மனைவி ஈஸ்வரி எதிர்த்துப் பேசிய காட்சியில் என்ன நினைத்தாரோ, என் பக்கம் திரும்பி, "அந்தப் புள்ளையும் அன்னிக்கு இருட்டுல இப்படித்தான் பேசுச்சு" என்றார். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

என் மனைவி சீரியல் பார்ப்பதில்லை. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கொரியன் தொடர்கள் பார்க்கிறாள். பெரும்பாலும் பதினாறு எபிசோடில் முடிந்துவிடுமாம். போன மாதம் ஒரு ராத்திரி அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கொஞ்ச நேரம். மறுநாள் வீடு தேடக் கிளம்பினேன்.

வரும் ஞாயிறு காலை பால் காய்ச்சுகிறோம். பாப்பாவுக்குக் கல்லூரி லீவுதானே, அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அம்மா வருவாள், அண்ணன் வருவானா தெரியாது. நீங்கள் வருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது, போனில் சொல்கிறேன். பழைய நம்பர்தான்.