பலகையைப் பார்த்துத்தான் ஓட்டினேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறைப் பயணம் பற்றிச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், சாலைப் பலகையைப் பார்க்காமல் கைப்பேசியையே நம்பி ஓட்டுவதால்தான் சிங்கப்பூரிலிருந்து போகும் நம்மவர்கள் மலேசிய நெடுஞ்சாலையில் வழி தவறுகிறார்கள் என்று ஒரு வரி. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994ல் முழுமையாகத் திறந்த நாளிலிருந்து அதில் ஓட்டுகிறேன். கைப்பேசியில் வழி பார்க்கும் பழக்கமே எனக்குக் கிடையாது.

ஜொகூரிலுள்ள சிம்பாங் ரெங்கத்தில் என் அத்தான் சென்ற ஆண்டு தவறிவிட்டார். மதியம் இரண்டு மணிக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். எல்லைப் பாலத்து நெரிசலையும் கணக்குப் போட்டுத்தான் கிளம்பினோம். செடெனாக் தாண்டியதும் சாலையை அகலப்படுத்தும் வேலை. நான் எப்போதும் அடையாளம் வைத்திருந்த பெரிய பச்சைப் பலகையைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அதற்குப் பதில், சிமெண்டுத் தடுப்பை ஒட்டி இடுப்பளவு உயரத்தில் ஓர் ஆரஞ்சுப் பலகை. என் இடப்பக்கம் செம்பனைக் குலை ஏற்றிய லாரி. அது பின்தங்கியபோது 'சிம்பாங்' என்ற ஒரு சொல்லும் அம்புக்குறியின் நுனியும்தான் கண்ணில் பட்டன. அதற்குள் வெளியேறும் வழி கடந்துபோய்விட்டது. வேகத்தைக் குறைத்து 80ல் போனாலும் காடி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. அவ்வளவு நேரத்தில் ஒரு மனிதன் எதைப் படிப்பது?

நம் ஊர் விரைவுச்சாலையில் ஒரு வழியை விட்டால் சற்று தூரத்தில் அடுத்தது வந்துவிடும். அங்கே அப்படியில்லை. நுழையும்போது அட்டையைத் தட்ட வேண்டும், வெளியேறும் சாவடியில் தூரத்துக்கேற்பக் கட்டணம் கழியும், நடுவில் திரும்ப இடம் கிடையாது. அடுத்த வெளியேறும் வழியான மச்சாப் வரை போய் வெளியே வந்து, மறுபடி அட்டையைத் தட்டி உள்ளே நுழைந்து, தெற்கே திரும்பி வந்தேன். போய்ச் சேர்ந்தபோது பெட்டியை எடுத்துவிட்டார்கள். கூடாரத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "ஏன் தம்பி இவ்வளவு நேரம்?" என்று அக்கா கேட்டார். என்னைத் தூக்கி வளர்த்த மனிதரின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. கட்டுரை எழுதியவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது முதல் முறையும் இல்லை. 2008 டிசம்பரில் ஜொகூர் பாரு சோதனைச்சாவடி சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்துக்கு மாறியபோது, பழகிய ஊருக்குள்ளேயே எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள உட்லண்ட்ஸ் போகும் வழி தெரியாமல் ஒரு மணி நேரம் சுற்றினேன். 2012ல் அந்த ஊரின் பாண்டானிலிருந்து சாவடிக்கு நேரே புதுச் சாலை வந்தது. அதையும் காப்பிக் கடையில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இங்கே சிங்கப்பூரில் மட்டும் என்ன? 2013 டிசம்பர் 29ஆம் தேதி மரினா கடலோர விரைவுச்சாலை திறந்ததும், நகருக்குள் போக வேண்டியவன் சுரங்கத்தில் வழியை விட்டு ஆயர் ராஜா விரைவுச்சாலைக்குப் போய்விட்டேன். அப்போதும் ஓட்டுநர்கள் பழகிக்கொள்ள வேண்டும் என்றுதான் சொன்னார்கள். சரி, பழகிக்கொள்கிறோம். ஆனால் மாறப்போவதை முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

எங்கள் தலைமுறைக்கு மலாய் தெரியும். என் மகனுக்கு 'லென்சோங்கான்' என்றால் மாற்றுவழி என்று தெரியாது. ஒவ்வொரு முறை எல்லை தாண்டும்போதும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம், அதன்மேல் நெடுஞ்சாலைக் கட்டணம், அப்புறம் நுழைவு அனுமதிப் பதிவு என்று எதிலும் குறை வைக்காமல் செய்கிறோம். புதுப் பலகையை நட்ட பிறகு பழையதைக் கழற்றுங்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை இல்லையா?

அதை நீங்கள் செய்ய முடியாது என்பது தெரியும். நான் உங்களிடம் கேட்பது சிறியது. வெள்ளிக்கிழமை நாளிதழில் உள்ளங்கை அளவு ஒரு கட்டம் போதும். ஜொகூர்ப் பகுதியில் எந்த வெளியேறும் வழி மூடியிருக்கிறது, எது இடம் மாறியிருக்கிறது, அதற்கு முந்தைய சந்திப்பு எது என்று நான்கு வரி போடுங்கள். விவரம் திரட்ட உங்களிடம் செய்தியாளர்கள் இருக்கிறார்கள்.

அத்தானின் முதலாண்டுத் திதி அடுத்த மாதம். அதற்குள் வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்,
ஈசூன்