மழை ஊரின் தங்க ரேக்கு

நிஷி-கசாய், டோக்கியோ
நவம்பர் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். விடுமுறையோடு ஒரு நாள் லீவும் சேர்த்து, நான்கு நாள் கனசாவாவில் இருந்துவிட்டு வந்தேன். சின்கான்சென் அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரப் பயணம். "சோற்றுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே" என்று அந்த ஊரில் ஒரு சொலவடை உண்டு. நான்கு நாளும் மழை.

முதல் நாள் கென்ரோகுயென் தோட்டத்திலேயே கழிந்தது. பைன் மரத்தை ஒட்டி உயரமாகக் கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே விழும் பனி ஈரமானது, கனமானது, கிளையையே ஒடித்துவிடுமாம். அதனால் ஆண்டுதோறும் நவம்பர் 1-ஆம் தேதி இந்த வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். மரத்துக்கு இவ்வளவு பரிவா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஓமிச்சோ சந்தையில் எங்கே திரும்பினாலும் நண்டு. தம்பியிடம் சொல்லுங்கள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. ஜப்பானில் தயாராகும் தங்க ரேக்கில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் இந்த ஊரில்தான் தயாராகிறது. ஹிகாஷி சாயா தெருப் பக்கம் ஒரு பட்டறையில் அந்த வேலையைப் பார்த்தேன். தஞ்சாவூர் ஓவியத்தில் நீங்கள் ஒட்டும் ரேக்கை விட எவ்வளவோ மெல்லியது. ஒரு மில்லிமீட்டரில் 10,000-இல் ஒரு பங்கு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பச்சையாகத் தெரிகிறது! ஒரு அம்மா மூங்கில் இடுக்கியால் அதை எடுத்து வைத்து, நடுவில் மெல்ல ஊதினார். சுருக்கம் அப்படியே விரிந்துவிட்டது. மகாமகக் குளம் கொதிக்கிற சித்திரை வெயிலிலும், ரேக்கு ஒட்டும்போது நீங்கள் ஃபேனை நிறுத்தச் சொல்வீர்களே, அந்த ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

மழைதான் இந்தத் தொழிலுக்குத் துணையாம். காற்று வறண்டால் ரேக்கு மின்சாரம் பிடித்து ஒட்டிக்கொண்டு கிழியும். தங்கத்தை அடித்து மெலிதாக்கும்போது இடையில் வைக்கும் காகிதத்தை வைக்கோல் சாம்பல் நீர், பெர்சிமன் காய்ச்சாறு, முட்டை எல்லாம் கலந்து ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். காகிதம் சரியில்லையென்றால் தங்கம் விரியாது என்கிறார்கள். படத்தில் புடைப்புக்காகப் பூசும் மக்கு சரியாக வந்தால் பாதிப் படம் முடிந்தது என்று நீங்கள் சொல்வதும் இதுதானே அப்பா? பழசாகிப்போன அந்தக் காகிதம் முகத்தில் எண்ணெய் ஒற்றி எடுக்க அருமையாக இருக்குமாம். அம்மாவுக்கு ஒரு கட்டு வாங்கியிருக்கிறேன்.

உங்களுக்கு ரேக்கும் வாங்கினேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும் தோழியிடம் கொடுத்து அனுப்புகிறேன். கையால் தொடாதீர்கள், விரலிலேயே கரைந்துபோகும். மூங்கில் இடுக்கியும் கூடவே வைக்கிறேன். மக்கின் மேல் ஒற்றையாக நிற்காது என்று நினைக்கிறேன், இரண்டு மூன்று அடுக்கு வேண்டியிருக்கும். முதலில் சின்னப் பலகையில் ஒட்டிப் பார்த்துவிட்டு எப்படி வந்தது என்று எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்