ரோட்ரிக்ஸின் தண்ணீரும் நம் விடுமுறையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நாள்களில் மொரிஷியஸிலிருந்து நம் மக்கள், நம் நாட்டின் ஒரு பகுதியான ரோட்ரிக்ஸ் தீவுக்குத் திரண்டு செல்வது குறித்து எனக்குத் தோன்றியதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன். 2020 மார்ச் 20 அன்று தொடங்கிய கொரோனா ஊரடங்கு ஜூன் நடுவில் முழுமையாக விலகியபோது கடற்கரைகள் திறந்தன. நாட்டின் எல்லை மட்டும் மூடியே கிடந்தது. அண்டைத் தீவான ரியூனியனுக்கும் இந்தியாவுக்கும் போய்வந்து பழகிய குடும்பங்களுக்கு விமானமேறிச் செல்ல எஞ்சியிருந்தது, கிழக்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள இந்தச் சிறு தீவு ஒன்றுதான். மொரிஷியஸில் பிறந்து வளர்ந்தும் அதுவரை ரோட்ரிக்ஸை எட்டிப் பாராத பலர் அப்போதுதான் பார்த்தார்கள். 2021 அக்டோபர் 1 அன்று எல்லை முழுமையாகத் திறந்த பின்னும் அந்த ஆசை அடங்கியதாகத் தெரியவில்லை.

இதனால் அங்குள்ள சிறு விடுதிக்காரர்களும் படகோட்டிகளும், எலுமிச்சை ஊறுகாயும் தேனும் விற்கும் பெண்களும் பிழைத்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் கவலை தண்ணீரைப் பற்றியது. 108 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அத்தீவில் மழை பொய்த்தால் குழாயும் வறண்டுவிடும். வீடுகளுக்குத் தண்ணீர் நாள்கணக்கில் வராமல் இருப்பது அங்கே செய்தியே அன்று. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்துத்தான் பல குடும்பங்கள் காலம் தள்ளுகின்றன. நாங்கள் தங்கியிருந்த வீட்டின் அம்மையார், குளிக்கப் போன என் பேரனிடம் ஒரு வாளியைக் கொடுத்து, "இதற்குள் முடித்துக்கொள் தம்பி" என்று சிரித்தபடியே சொன்னார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அன்று காலையில்தான் நாங்கள் ஐவரும் மணல் போக ஆளுக்கொரு முறை தாராளமாகக் குளித்திருந்தோம்.

அளவறிந்து நடப்பதை ரோட்ரிக்ஸ் மக்களுக்கு நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. கிரியோல் மொழியில் நாம் 'உரீத்' என்று சொல்லும் பேய்க்கணவாயைப் பிடிப்பதற்கு 2012 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டு நடுவிலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதம் அங்கே தடை விதிக்கிறார்கள். வற்றுக் கடலில் முழங்கால் நீரில் நடந்து, ஈட்டியால் குத்திப் பிடித்துப் பிழைக்கும் பெண்களுக்கு அந்த இரண்டு மாத வருமானம் சிறிய இழப்பன்று. ஆயினும் குஞ்சு பெருத்தால்தான் அடுத்த பருவத்தில் நல்ல எடையுள்ள உரீத் கிடைக்கும் என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ரோட்ரிக்ஸை ஒட்டியுள்ள இல் ஓ கொக்கோ தீவிலும் ஆலாப் பறவைகள் கூடு கட்டும் பகுதிக்குள் பயணிகளை விடுவதில்லை. கணவாய்க்கும் பறவைக்கும் வகுத்த அளவை மனிதர் வருகைக்கு மட்டும் ஏன் வகுக்கக் கூடாது?

ரோட்ரிக்ஸின் பிளேன் கொராய் விமான நிலையத்தின் இப்போதைய ஓடுதளம் குட்டையானது; சிறு விமானங்களே இறங்குகின்றன. ஒருவகையில் அதுவே இதுவரை கூட்டத்துக்கு அணையாக இருந்தது எனலாம். பெரிய விமானங்களுக்கான புதிய ஓடுதளம் அமைக்கும் திட்டம் நிறைவேறினால் அந்த அணையும் இராது. ஆகவே, 2002 முதல் தன்னாட்சி பெற்று இயங்கும் ரோட்ரிக்ஸ் பிராந்திய மன்றம், ஒவ்வொரு பருவத்திலும் இருப்பிலுள்ள தண்ணீரைக் கணக்கிட்டு, அதற்கேற்ப எத்தனை பயணிகளை ஏற்கலாம் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பயணச்சீட்டு விற்கும் முகவர்களும் அந்த எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. தைப்பூசக் காவடி முடிந்த கையோடு குடும்பத்துடன் புறப்படும் நம்மவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: விடுதிக்கு முன்பதிவு செய்யும்போது அறையின் வாடகையைக் கேட்பது போலவே, அவ்வீட்டுத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதையும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்